ஆணி இல்லாத இடம்

வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்குறவன், சனிக்கிழமையும் கிளம்பிப் போய் ஆணி புடுங்கினா வீட்ல சும்மா விடுவாங்களா? "அங்கயாவது உருப்படியா எதையாவது புடுங்கினீங்களா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. புடுங்கினேங்க. நிஜமாவே ஒரு ஆணி. முக்கால் அங்குலம் கூட இல்லாத ஒரு திருகாணி. அதைக் கண்டுபிடிக்க ரெண்டு பேருக்கு நாலு சனிக்கிழமை ஆச்சு. அந்த ஆணிக்குப் பின்னாடி இருநூறு வருஷத்துக் கதை ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும், பதிவாப் போட்டே ஆகணும்னு தோணிடுச்சு.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. நான் இருக்குறது அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம். எங்க தெருவுல ஒரு பெரியவர். ரிட்டயர் ஆனதும் மனுஷன் கோயில் குளம்னு போகாம, ரெண்டு பேர் உட்கார்ற ஒரு குட்டி விமானத்தைச் சொந்தமாக் கட்ட ஆரம்பிச்சார். அலுமினியத் தகடு, ரிவெட், எஞ்சின்னு பெட்டி பெட்டியா வரும். பக்கத்துல இருக்குற சின்ன ஓடுதளத்துல வாடகை ஹேங்கர். ஏழு வருஷ வேலை. அவர் ரிவெட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால இரும்புக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் உத்தியோகம். சம்பளம், ஒரு கப் கருப்புக் காபி.

விமானம் முடிஞ்சு, சட்டப்படி தனியா ஓட்டிப் பார்க்க வேண்டிய நாப்பது மணி நேரத்தையும் பெரியவர் முடிச்சுட்டார். இனிமே ரெண்டாவது சீட்ல ஆளை ஏத்தலாம். மிச்சிகன் ஏரிக்கு அந்தப் பக்கம் அவரோட பொண்ணு வீடு. ஏரியைத் தாண்டிப் போயிட்டு வரலாம், வர்றியான்னு கேட்டார். நானும் பெருமையா தலையாட்டிட்டேன். அப்புறம்தான் ஒரு விஷயத்தைச் சொன்னார். விமானத்துல இருக்குற காந்தமானி சரியா வேலை செய்யலையாம்.

ஏரின்னதும் நம்ம ஊர் ஏரியை நினைச்சுடாதீங்க. நடுவுல போனா நாலு பக்கமும் கரையே தெரியாது. கோடையில மப்பு மூடினா வானம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னும் தெரியாது. அந்த ரெண்டாவது சீட்ல உட்காரப் போறது நான். திடீர்னு எனக்குக் காந்தவியல்ல அபார ஆர்வம் வந்துடுச்சு :-)

காந்தமானி எதுக்கு?

"அதான் ஜிபிஎஸ் இருக்கே?"ன்னு நானும் கேட்டேன். ஜிபிஎஸ் சொல்றது நீங்க எங்க இருக்கீங்க, எந்தப் பக்கம் நகர்றீங்கன்னுதான். மூக்கு எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்குன்னு ஒரு ஒற்றை ஆன்டெனா ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. பக்கவாட்டுக் காத்து அடிச்சா விமானம் நண்டு மாதிரி சாய்வா நகரும். மூக்கு ஒரு பக்கம், போற வழி இன்னொரு பக்கம். மூக்கோட திசையைச் சொல்றதுக்கு பூமியோட காந்தப் புலம்தான் நமக்குக் கிடைச்ச இலவச வழிகாட்டி.

பழைய விமானங்கள்ல திரவத்துல மிதக்குற காம்பஸ் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கும். இப்ப வர்ற கம்ப்யூட்டர் திரைகளுக்கு ஒரு தனி உணரி வேணும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா. மூணு திசையிலயும் காந்தப் புலத்தை அளந்து வயர் வழியா அனுப்பும். அதுல ஒரு சௌகரியம், அதை விமானத்துல எங்க வேணும்னாலும் வைக்கலாம். அதுல ஒரு தலைவலி, அதை விமானத்துல எங்க வைக்கிறது?

மிச்சிகன்ல பூமியோட காந்தப் புலம் ஏறத்தாழ எழுபது டிகிரி சாய்ஞ்சு தரைக்குள்ள போகுது. கிடைமட்டமா மிஞ்சுறது சுமார் 18 மைக்ரோடெஸ்லாதான். வடக்கு எதுன்னு சொல்றது இந்த மிச்சம் மட்டும்தான். இப்ப ஒரு கணக்கு. 5 ஆம்பியர் ஓடுற ஒரு ஒற்றை வயர் 30 சென்டிமீட்டர் தள்ளிப் போகுதுன்னு வைங்க. அது உண்டாக்குற புலம் 3.3 மைக்ரோடெஸ்லா. குறுக்கே விழுந்தா முள்ளைப் பத்து டிகிரி திருப்பிடும். பத்து டிகிரி தப்பா நூறு கிலோமீட்டர் போனா, போய்ச் சேர்ற இடம் பதினேழு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கும். ஒரு விளக்கு வயர் பண்ற வேலை இது.

ரெண்டு பேர், ரெண்டு வழி

இந்தத் தலைவலி விமானத்தோட பிறந்தது இல்லை. 1801ல ஆஸ்திரேலியாவைச் சுத்திவரக் கிளம்பின மேத்யூ ஃப்ளிண்டர்ஸ், இன்வெஸ்டிகேட்டர் கப்பல்ல ஒரு விசித்திரத்தைக் கவனிச்சார். கப்பல் எந்தத் திசையைப் பார்த்து நிக்குதோ அதுக்கேத்த மாதிரி காம்பஸ் காட்டுற வடக்கும் மாறுது. மரக் கப்பல்தான். ஆனா பீரங்கி, நங்கூரம், ஆணின்னு எவ்வளவு இரும்பு! அந்த இரும்புதான் முள்ளை இழுக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டார். காம்பஸ் பக்கத்துல நெட்டா நிறுத்தி வைக்கிற ஒரு இரும்புத் தண்டு இன்னிக்கும் அவர் பேராலதான் வழங்குது.

அப்புறம் கப்பலே இரும்புல வர ஆரம்பிச்சது. இனி நிலைமையைக் கேக்கணுமா? 1838ல ரெயின்போங்கற இரும்புக் கப்பலைச் சோதிச்ச ஜார்ஜ் ஏரி, கிரீனிச் வானாய்வகத்தோட தலைவர், ஒரு வழி கண்டுபிடிச்சார். கப்பலோட இரும்பு முள்ளை எந்தப் பக்கம் இழுக்குதோ, அதுக்கு எதிர்ப் பக்கம் இழுக்குற மாதிரி காந்தங்களையும் இரும்பையும் காம்பஸ் பக்கத்துல வைச்சா சரியாப் போச்சு. கழிச்சல் கணக்கு. கணிதம் தெரிஞ்ச மனுஷன், அழகான தீர்வு.

இதை ஒருத்தர் ஏத்துக்கலை. வில்லியம் ஸ்கோர்ஸ்பி. திமிங்கில வேட்டைக் கப்பல் கேப்டனா இருந்து, பிறகு பாதிரியாரானவர். அவர் சொன்னது இதுதான். கப்பல் கட்டும்போது ஒரே திசையில கிடக்கு. லட்சக்கணக்கான ரிவெட் அடி. அந்த அடியில இரும்புக்குள்ள காந்தம் ஏறிக்கிது. சரி. ஆனா கடலுக்குப் போனதும் அலை அடிக்கிற அடியில அது மாறாதா? மாறினா, துறைமுகத்துல பொருத்தின எதிர்க் காந்தம் தப்பான பக்கம் இழுக்குமே! அதனால ஒரு காம்பஸைக் கப்பலோட இரும்புலேர்ந்து தூர, பாய்மரத்து உச்சியில கட்டுங்கன்னார்.

1854 ஜனவரி. லிவர்பூல்லேர்ந்து மெல்போர்னுக்கு முதல் பயணம் கிளம்பின டெயிலர்ங்கற இரும்புக் கப்பல், ரெண்டே நாள்ல அயர்லாந்து கிட்ட லாம்பே தீவுப் பாறையில மோதி மூழ்கிச்சு. முந்நூறு பேருக்கு மேல போய்ட்டாங்க. புது ஊர்ல பிழைக்கலாம்னு குடும்பத்தோட கிளம்பினவங்க. கப்பலோட காம்பஸ்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலை. காம்பஸ் காட்டின வழியில தெற்கே போறோம்னு நம்பினாங்க, கப்பல் மேற்கே போய்க்கிட்டு இருந்தது.

விபத்துக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா ஏரிக்கும் ஸ்கோர்ஸ்பிக்கும் நடந்த சண்டை இதுக்கப்புறம் வெறும் ஏட்டுச் சண்டையா இல்லை. ஸ்கோர்ஸ்பி 1856ல, அறுபது வயசுக்கு மேல, ராயல் சார்ட்டர்ங்கற இரும்புக் கப்பல்ல ஏறி ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ப் பார்த்தார். கப்பலோட காந்தம் வழியில மாறத்தான் செஞ்சது. மேல கட்டின காம்பஸ் கீழே இருந்ததை விட நம்பகமா இருந்தது. திரும்பி வந்த அடுத்த வருஷமே இறந்துட்டார்.

என்னைக் கேட்டா ரெண்டு பேருமே சரி. மாறாத குறையைக் கழிச்சுடலாம், அது ஏரி வழி. மாறுற குறையைக் கழிக்க முடியாது, அதுகிட்டேர்ந்து விலகித்தான் போகணும், அது ஸ்கோர்ஸ்பி வழி. இந்த ஒரு வரியை அப்பவே ஹேங்கர் சுவத்துல எழுதி ஒட்டியிருந்தா எங்களுக்கு மூணு சனிக்கிழமை மிச்சமாயிருக்கும்.

மேகத்துக்குள்ள பைத்தியம் பிடிச்ச முள்

விமானம் வந்ததும் இன்னொரு பூதம் கிளம்பிச்சு. முதல் உலகப் போர் சமயம், மேகத்துக்குள்ள போனா காம்பஸ் கண்டபடி சுத்துதுன்னு விமானிகள் புகார் பண்ணினாங்க. இங்கிலாந்துல ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில இதை எடுத்து ஆராய்ஞ்சவர் கீத் லூகாஸ். அவர் உண்மையில நரம்பு, தசை பத்தி ஆராய்ச்சி பண்ணின கேம்பிரிட்ஜ்காரர். அவர்கிட்ட படிச்ச எட்கர் ஏட்ரியனுக்கு 1932ல நோபல் பரிசு கிடைச்சது.

லூகாஸ் கண்டுபிடிச்சது என்னன்னா, தப்பு மேகத்துமேல இல்லை. விமானம் திரும்பும்போது சாயுது. கூடவே காம்பஸ் தட்டும் சாயுது. சாய்ஞ்ச தட்டை, தரைக்குள்ள இறங்குற காந்தப் புலம் பிடிச்சு இழுக்குது. வடக்கு நோக்கிப் போற விமானம் வலப்பக்கம் திரும்பினா, காம்பஸ் முதல்ல இடப்பக்கம் திரும்புற மாதிரி காட்டும். வெளிய பார்க்க முடிஞ்சா விமானி அதைக் கண்டுக்க மாட்டார். மேகத்துக்குள்ள அவருக்கு அது மட்டும்தான் சாட்சி. சாட்சியை நம்பி இன்னும் வலப்பக்கம் திருப்புவார், இன்னும் சாயும். அப்படியே சுழன்டு கீழ வர்றதுதான் முடிவு.

லூகாஸ் இதைச் சரிபண்ண புது காம்பஸ் செஞ்சார். தானே விமானம் ஓட்டக் கத்துக்கிட்டார். 1916 அக்டோபர் 5ஆம் தேதி, வானத்துல இன்னொரு விமானத்தோட மோதி இறந்தார். வயசு 37.

இந்த இடத்துல நம்ம ஊருக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. இந்தப் பிழைக்குக் காரணம் காந்தப் புலம் தரைக்குள்ள சரியிறது. தென் தமிழ்நாட்டுல அந்தச் சரிவு கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. பூமியோட காந்த நடுக்கோடு இந்தியாவோட தென்முனையை ஒட்டித்தான் போகுது. 1963ல ராக்கெட் விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததுக்கும் அதுதான் காரணம். திருநெல்வேலிக்கு மேல பறந்தா லூகாஸோட பூதம் தூங்கிக்கிட்டிருக்கும். அங்க கிடைமட்டப் புலமும் 40 மைக்ரோடெஸ்லா. மிச்சிகன்ல பத்து டிகிரி திருப்பின அதே வயர், நெல்லையில அஞ்சு டிகிரிகூடத் திருப்பாது. தங்கமணிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இதைச் சொன்னதும், "எங்க ஊர்ல எல்லாமே நேரா இருக்கும்"னாங்க. நான் வாயைத் திறக்கலை.

முகம் பார்க்கும் கண்ணாடி

1927 மே மாசம் லிண்ட்பெர்க் நியூயார்க்லேர்ந்து பாரிஸுக்குத் தனியாப் பறந்த கதை எல்லாருக்கும் தெரியும். காம்பஸை அவர் எங்க வைச்சிருந்தார்ங்கறது அவ்வளவாப் பேசப்படாத கதை.

அவரோட விமானத்தோட உடல்கூடு உருக்குக் குழாய்ல ஆனது. முன்னாடி எஞ்சின், அதுக்குப் பின்னாடி பெரிய பெட்ரோல் டாங்க், அப்புறம்தான் ஆள். ரெண்டு விதமான காம்பஸ் இருந்தது. ஒண்ணு, பூமியோட காந்தப் புலத்துல ஒரு கம்பிச் சுருளைச் சுத்த வைச்சு, அதுல பிறக்கிற மின்சாரத்தை வைச்சுத் திசை சொல்றது. அதைச் சுத்துறதுக்குக் காத்துல ஓடுற ஒரு குட்டிக் காத்தாடி, உடலுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். சுருள் இருந்த இடம் பின்பக்கம், எஞ்சின்லேர்ந்து தூரத்துல. விமானி முன்னால இருந்தது வெறும் முள் மட்டும். உணர்ற இடம் வேற, படிக்கிற இடம் வேற. இன்னிக்கு எங்க பெரியவர் வைக்கிற டப்பாவோட தாத்தா அதுதான்.

ரெண்டாவது, சாதாரணத் திரவ காம்பஸ். அதைத் தலைக்கு மேல வைச்சாச்சு. ஆனா நிமிர்ந்து நிமிர்ந்து முப்பது மணி நேரம் பார்க்க முடியுமா? கிளம்புறதுக்கு முன்னாடி வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துல ஒரு பொண்ணு, தன் கைப்பையில இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தாங்க. அதைச் சூயிங்கம்ல ஒட்டி, கண்ணாடி வழியா காம்பஸைப் பார்த்துக்கிட்டே அட்லாண்டிக்கைத் தாண்டினார் மனுஷன். படிக்க வசதியான இடம் இல்லை, காம்பஸுக்குத் தோதான இடம்தான் முக்கியம். கண்ணுக்கு வேணும்னா கண்ணாடி வைச்சுக்கலாம்.

வழியில ராத்திரி ரெண்டு காம்பஸும் சேர்ந்தே தடுமாறினதா அவரே எழுதியிருக்கார். இருந்தாலும் அயர்லாந்து கரையைத் தொட்டப்போ திட்டமிட்ட பாதையிலேர்ந்து மூணு மைல்தான் விலகியிருந்தார். மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரம், 3,600 மைல்.

வால்ல முளைச்ச கொடுக்கு

1930கள்ல ஃப்ளக்ஸ்கேட்ங்கற உணரி வந்தது. சுத்துற பாகம் எதுவும் இல்லை. ஒரு உள்ளகத்தை மாறுமின்னோட்டத்தால காந்தமாக்கி, அதுல தெரியிற ஏறுமாறை வைச்சு வெளிப் புலத்தை அளக்கிறது. கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தோட ஆராய்ச்சிக்கூடத்துல விக்டர் வாக்கியேங்கறவர் இதை நுட்பமான காந்தமானியா வளர்த்தார். பூமிக்கடியில எண்ணெய் தேடத் தொடங்கின வேலை. போர் வந்ததும் தண்ணிக்கடியில நீர்மூழ்கி தேடப் போயிடுச்சு.

நீர்மூழ்கி ஒரு பெரிய இரும்புக் கட்டி. அது பூமியோட புலத்துல ஒரு மெல்லிய நெளிவை உண்டாக்கும். ஆனா தேடுற விமானத்தோட சொந்த நெளிவு அதை விடப் பெருசு. அதனால விமானத்து வால்லேர்ந்து ஒரு நீளக் குச்சியை நீட்டி, அதோட நுனியில காந்தமானியை வைச்சாங்க. பார்க்கத் தேள் கொடுக்கு மாதிரி இருக்கும். 1944 பிப்ரவரியில, ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டப் பார்த்த யு-761ங்கற ஜெர்மன் நீர்மூழ்கியை அமெரிக்க கேட்டலினா விமானங்கள் இப்படித்தான் மோப்பம் பிடிச்சது.

இந்தக் கொடுக்கை நம்ம அரக்கோணத்துக்காரங்க பலர் தெரியாமலே பார்த்திருப்பாங்க. ஐஎன்எஸ் ராஜாளி தளத்துல 2017 வரைக்கும் இருந்த டியு-142 விமானத்துக்கு வால் செங்குத்தின் உச்சியில பின்னால நீட்டிக்கிட்டு ஒரு முனை இருக்கும். அதுக்குப் பதிலா வந்த பி-8ஐ விமானத்துக்கும் வால் கடைசியில கொடுக்கு உண்டு. உள்ளே இருக்குறது காந்தமானிதான்.

குச்சியில வைச்சும் பிரச்சினை முழுசாத் தீரலை. விமானம் புரண்டா, மூக்கைத் தூக்கினா, அதோட உலோகமும் பூமியோட புலத்துல புரளுது. 1950 வாக்குல டோல்ஸ், லாசன்னு ரெண்டு பேர், விமானத்தோட சொந்தக் காந்தத்தை அதோட அசைவுகளை வைச்சே கணக்குப் போட்டுக் கழிக்கிற முறையைக் கொடுத்தாங்க. தூரத்துல வைச்சாச்சு, மிச்சத்தைக் கழிச்சாச்சு. ஏரியும் ஸ்கோர்ஸ்பியும் நூறு வருஷம் கழிச்சு ஒரே விமானத்துல சமாதானமாகிட்டாங்க.

திரும்ப ஹேங்கருக்கு

இப்ப எங்க கூத்துக்கு வருவோம். பெரியவர் முதல்ல காந்தமானியைப் பின்பக்கம், சாமான் வைக்கிற இடத்துக்கும் பின்னால வைச்சிருந்தார். தரையில வட்டம் வரைஞ்சு, விமானத்தை எல்லாத் திசைக்கும் திருப்பி நிறுத்தி, மென்பொருளுக்குக் கத்துக் கொடுத்தார். எல்லாம் பொருந்துச்சு. பறந்தா தப்பு. மறுபடி கத்துக் கொடுத்தார். மறுபடி தப்பு. நாலு தடவை. அதாவது ஏரி வழியிலயே நாலு தடவை.

முதல் சனிக்கிழமை நாங்க பண்ணினது ரொம்பச் சாதாரணமான காரியம். சாரணர் பசங்க வைச்சிருக்குற ஒரு கை காம்பஸ். அதை ஒரு பலகைத் துண்டுல ஒட்டி, காந்தமானி இருந்த இடத்துல வைச்சோம். நான் முள்ளைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். அவர் உள்ள உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாப் போடுவார், கைத்தடியை நாலாபக்கமும் ஆட்டுவார். ஆட்டோபைலட்டைப் போட்டதும் முள் ஆறு டிகிரி குதிச்சது. வாலை ஆட்டுற அதோட மோட்டார், நாப்பது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கு. அளக்கும்போது அது தூங்குது, பறக்கும்போது முழிச்சுக்கிது. எந்த மென்பொருள் இதைக் கழிக்கும்?

ரெண்டாவது சனிக்கிழமை இறக்கை நுனிக்குப் போனோம். எஞ்சின் தூரம், மோட்டார் தூரம், நுனி மூடி ஃபைபர். சொர்க்கம்னு நினைச்சோம். கைத்தடியை ஆட்டினா மூணு டிகிரி அசையுது. அந்த விமானத்துல இறக்கையோட அசையும் மடலுக்கு எடை சமன் பண்றதுக்கு உள்ளே ஒரு இரும்புக் குழாய் இருக்கு. மடல் அசைஞ்சா குழாயும் அசையும். தரையிறங்கும் விளக்கைப் போட்டா இன்னும் மோசம். விளக்குக்கு ஒரு வயர்தான் போகுது, திரும்பி வர்ற மின்சாரம் இறக்கைத் தகடு வழியா ஊர் சுத்தி வருது. போற வயரும் வர்ற வயரும் ஒட்டிப் பின்னியிருந்தா ஒண்ணோட புலத்தை இன்னொண்ணு அழிச்சுடும். தகட்டை நம்பினா அழியாது.

மூணாவது சனிக்கிழமை, குழாய்லேர்ந்து ரெண்டு அடி உள்ளே தள்ளி ஒரு தட்டு அமைச்சோம். காந்தத்தோட சேட்டை தூரத்தோட கன மடங்குல குறையும். தூரத்தை ரெட்டிப்பாக்கினா எட்டுல ஒரு பங்கு. அதனால ரெண்டு அடிங்கறது பெரிய விஷயம். விளக்குக்குப் பின்னின ரெட்டை வயர் இழுத்தோம். எல்லாம் முடிச்சுட்டுப் பார்த்தா, முள் இன்னும் தடுமாறுது! சில நேரம் சரி, சில நேரம் பத்து டிகிரி. அரை மணி நேரம் வயர் வயராத் தேடினோம். கடைசியில பெரியவர் இறங்கி வந்து, ஒண்ணும் பேசாம என் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினார். என் செல்போன். அதோட ஸ்பீக்கருக்குள்ள ஒரு காந்தம். நான் குனிஞ்சா தப்பு, நிமிர்ந்தா சரி. அளக்கிறவன்தான் குற்றவாளி. அன்னிக்குக் காபி கொஞ்சம் கசப்பாவே இருந்தது.

நாலாவது சனிக்கிழமை. போன் கார்ல. எதை ஆட்டினாலும் எதைப் போட்டாலும் முள் அசையலை. காந்தமானியைப் பொருத்தி வட்டத்துல சுத்தினா, எல்லாத் திசையிலயும் ஒரு சின்ன நிரந்தரப் பிழை மட்டும். மென்பொருள் கழிச்சுடும், விட்டுடலாம்னேன் நான். பெரியவர் ஒத்துக்கலை. முள்ளை இறக்கைத் தகட்டு மேல மெதுவா நகர்த்திக்கிட்டே போனார். ஒரு இடத்துல சட்டுன்னு திரும்பிச்சு. தட்டைப் பிடிச்சிருந்த நாலு திருகாணியில மூணு பித்தளை. ஒண்ணு இரும்பு. காந்த நுனி திருப்புளியால முடுக்கினதுல அதுவே குட்டிக் காந்தம் ஆயிடுச்சு. அந்தத் திருகாணியைப் போட்டவன் யாருன்னு நீங்க கேக்க வேண்டாம், நானும் சொல்லலை.

இப்ப மாறாத பிழைதானேன்னு கேட்டேன். எஞ்சின் அதிர்வுலயும் வெயில்லயும் குளிர்லயும் நாலு மாசம் கழிச்சு மாறும்னார். ஸ்கோர்ஸ்பி பேரை அவர் கேள்விப்பட்டிருப்பாரான்னு தெரியாது. ஆனா பேசினது ஸ்கோர்ஸ்பிதான். புடுங்கினேன்.

காம்பஸ் பொய் சொல்றதே இல்லைன்னு இந்த நாலு வாரத்துல எனக்குப் புரிஞ்சது. அது இருக்குற இடத்துல என்ன புலம் இருக்கோ அதை அப்படியே சொல்லுது. டெயிலர் கப்பல்லயும் அது உண்மையைத்தான் சொல்லிச்சு, கப்பலைப் பத்தின உண்மையை. நமக்குத் தேவை பூமியைப் பத்தின உண்மை. அதுக்கு நம்ம இரும்பு, நம்ம மின்சாரம், நம்ம சட்டைப் பை எல்லாத்தையும் விட்டு அதைக் கொஞ்சம் தூர வைக்கணும். 2024 ஜனவரியில ஆதித்யா-எல்1 விண்கலம் ஆறு மீட்டர் நீளக் கையை நீட்டிச்சே, அந்தக் கையில மூணு மீட்டர்ல ஒண்ணு, ஆறு மீட்டர்ல ஒண்ணுன்னு ரெண்டு காந்தமானி. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போயும், முதல்ல தன்கிட்டேர்ந்து விலக வேண்டியிருக்கு.

போன மாசம் ஏரியைத் தாண்டினோம். என் போன் பின்னாடி பைக்குள்ள. நடு ஏரியில, நான் பயந்த மாதிரியே, மப்பு. மேலயும் கீழயும் ஒரே பால் நிறம். பெரியவர் திரையில இருந்த திசை எண்ணைக் காட்டினார். 274. அப்புறம் கையை நீட்டித் தரையிறங்கும் விளக்கைப் போட்டார். அணைச்சார். மறுபடி போட்டார்.

274. அசையலை.

ரெண்டு பேரும் எதுவும் பேசிக்கலை. இருபது நிமிஷத்துல கரை தெரிஞ்சது.